குடத்துக்குள் ஒரு தளபதி

“அப்ப கோட்டைக்குள்ள இரிக்கிறவங்களுக்குச் சோறு ஆருகா குடுக்கிற?”

என் அக்கா, ராத்தா, இதைக் கேட்டபோது நான் அவவின் கட்டிலோரம் பாயில் மல்லாந்து கிடந்து ஓர் ஆங்கிலக் கவிதையைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். பதினான்கு வரி. நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியது. ஒருவன் தன் நெஞ்சைக் கோட்டை என்கிறான். ஒருத்தியின் நினைப்பு படை திரட்டி வந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது என்கிறான். உள்ளே கிணறு வற்றுகிறது, காவல்காரர்கள் நின்றபடி தூங்கிவிழுகிறார்கள், கொடி கிழிகிறது. கடைசி இரண்டு வரியில் அவனே சாவியை மதிலுக்கு வெளியே எறிந்துவிடுகிறான்.

போனில் தேடினால் இப்படியான கவிதைகளுக்கு இன்றைய ஆங்கிலத்தில் விளக்கம் கிடைக்கும். ‘கவிஞர் அவளை ஆழமாக நேசிக்கிறார், அதனால் துன்பப்படுகிறார்.’ எந்தக் கவிதையைத் தட்டினாலும் இதுதான். எல்லாரும் ஆழமாக நேசிக்கிறார்கள், எல்லாரும் துன்பப்படுகிறார்கள். இதை இரண்டு தரம் மனப்பாடம் பண்ணி உயர்தரப் பரீட்சையில் எழுதி, இரண்டு தரமும் ஆங்கில இலக்கியத்தில் கோட்டை விட்டவள் நான்.

ராத்தாவின் கேள்விக்குப் போனில் விளக்கம் இல்லை. நான் யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சோறு இல்லதான் ராத்தா. அதுதான் கத்துறான். வாசலும் அவன்ட, பூட்டும் அவன்ட, சாவியும் அவன்ட கையிலதான். வெளியால நிக்கிறவ வந்துருவாளோ எண்டு பயம். அவ போயிருவாளோ எண்டு அதவிடப் பயம்.”

சொல்லிவிட்டு எழும்பி உட்கார்ந்தேன். முதல் நான்கு வரியில் வாசல், அடுத்த நான்கில் பசி, அதற்கடுத்த நான்கில் இரண்டு பயமும், கடைசியில் சாவி. இரண்டு வருசமாகத் தலைக்குள் கல்லாகக் கிடந்த கவிதை எங்கட வீட்டுப் பேச்சில் சொன்னதும் நடக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வயலிலும் கல்யாண வீட்டிலும் சொல்லும் கவியும் நான்கு வரிதானே. இவன் மூன்று கவி சொல்லி, முடிவில் இரண்டு வரியால் முடிச்சுப் போடுகிறான். அவ்வளவுதான் கட்டுமானம்! யாராவது முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒரு பரீட்சையாவது மிச்சம் பிடித்திருப்பேன்.

“விசரி மாதிரி சிரிக்காத,” என்றா ராத்தா. “இத்தா வீடு இது.”

அதுதான் விஷயம். அது இத்தா வீடு.

மச்சான், ராத்தாவின் மாப்பிள்ளை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. மாப்பிள்ளையை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அதுதான் இத்தா. மணமுடிக்கக்கூடிய உறவுள்ள எந்த ஆணின் முன்னாலும் வரக்கூடாது. மார்க்கம் சொன்னது அவ்வளவு. ஊர் அதற்கு மேலே கொஞ்சம் கட்டியது. யன்னலுக்கு வெள்ளைச் சீலை அடித்தார்கள். நிலைக்கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். ராத்தா வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தா. தனியே இருக்கவிடக் கூடாது என்று துணைக்கு ஆள் தேடியபோது எல்லாக் கண்ணும் என்னில் வந்து நின்றன. பள்ளிக்கூடம் முடித்தவள், வேலை இல்லாதவள், பொத்தகத்தை எங்கே வைத்துப் படித்தால் என்ன?

மவுத்தானது மச்சான். இத்தா ராத்தாவுக்கு. அடைபட்டது நானும்.

எனக்கு வெளியே போகத் தடை ஒன்றும் இல்லை, சொல்லப்போனால். ஆனால் நான் வாசலுக்குப் போனால் ராத்தா கட்டிலில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வா. திரும்பி வரும்வரை அப்படியே இருப்பா. அதைப் பார்த்தபின் கடைத்தெருப் பக்கம் போகும் ஆசை போய்விட்டது. கல்முனைப் பிரதான வீதியின் பஸ் ஹோர்ன் மட்டும் சீலையைத் தாண்டி வரும். காற்றாடி ஒரே இடத்தில் ‘கிறீச்’ என்னும். சீலை ஓரம் கொஞ்சம் விலகும்போது பக்கத்து வெற்றுக்காணி தெரியும். அதில் என் வீட்டுக்கு அத்திவாரம் போட்டுக் கம்பி நிமிர்த்தி வைத்திருக்கிறது. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவுக்கு இந்த முன்வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின்னால் சின்ன வீட்டுக்குப் போனது அப்படித்தான். எனக்கு இனிச் சுவர் எழுப்ப வேண்டியது மட்டும் பாக்கி, எழும்பினால் கல்யாணம். 

வாப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். “மூணாந்தரம் எழுது. பாஸ் பண்ணினா கம்பசுக்குப் போ, நான் மறிக்கல்ல. இல்லாட்டி மேசனக் கூப்பிடுவன்.” மூன்று தரத்துக்கு மேல் பரீட்சை எழுதவும் விடமாட்டார்கள். ஆக அந்தக் காணியில் கல் ஏறுவதும் ஏறாததும் இந்தப் பதினான்கு வரிக்காரர்களிலும் பாடத்தில் இந்த முறை புதிதாகச் சேர்ந்த ஒரு பழைய செய்யுள் நாடகத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லித்தர ஆள் இல்லை. பாடத்துக்கு இருந்த ஆசிரியை இடமாற்றம் கிடைத்துப் போனபின் அந்தக் கதிரை வெறுமையாகவே இருக்கிறது.

கோட்டைக் கவிதைக்குப் பிறகு நான் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரு தரம் உரக்க வாசிப்பது. பிறகு ராத்தாவுக்கு, ராத்தாவிடம் கதைக்கிற மாதிரியே சொல்வது. அவவுக்கு விளங்காவிட்டால் எனக்கும் விளங்கவில்லை. ஒரு கவிதையில் காதலியை நட்சத்திரம், முத்து, பவளம் என்று அடுக்கிக்கொண்டு போனபோது “இவன் ஒருநாளும் அவளோட கதைச்சதில்ல போல” என்றா. அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் முதல்தரமான விடை.

பிறகு நாடகத்துக்கு வந்தோம்.

கதை லேசு. ஒரு தளபதி. அவனுக்கும் ஒருத்திக்கும் நிச்சயம் ஆகி, அவன் வீம்பால் முறிந்துபோனது. அவள் இனி யாருக்கும் முகம் காட்டமாட்டேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் போரில் தோற்றுப் பிடிபடுகிறான். விடிந்தால் தலை போகும். காவலனிடம் கெஞ்சி ஒரு நாழிகை வாங்கிக்கொண்டு வந்து அவள் கதவடியில் நிற்கிறான்.

முதலில் பொத்தகத் தமிழில் தொடங்கினேன். “மாதரசியே, உன் கதவுகளைத் திறப்பாயாக!”

“ஆரு இவன், கூத்தாடுறவனா?” என்றா ராத்தா. “நாளைக்கு மவுத்தாகப் போறவன் இப்படியா கதைப்பான்?”

திருத்தினேன். “நீங்க திறக்க வேணாம். திறக்கச் சொல்லி நான் வரல்ல. இஞ்சால நிக்கிறன் எண்டு தெரிஞ்சாப் போதும். முகத்த ஒருக்காக் காட்டினா நான் போயிருவன்.”

“ஓம், இப்ப சரி. ஆனா ரெண்டு பேரும் உன்ட குரல்லயே கதைக்காங்க. ஆரு வெளியால, ஆரு உள்ளால எண்டு எனக்கு விளங்குதில்ல.”

அறை மூலையில், தொழுமுன் கைகால் கழுவி ஒழுச் செய்யத் தண்ணீர் வைக்கும் அலுமினியக் குடம் வெறுமையாக இருந்தது. தூக்கி வாயருகே வைத்துப் பேசிப் பார்த்தேன். அல்லாஹ்! குடத்துக்குள்ளிருந்து ஒரு மனிசன் எழும்பினான். அகன்ற நெஞ்சுள்ளவன், தூக்கம் இல்லாதவன். எனக்கே மயிர் கூச்செறிந்தது. ராத்தா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு “இன்னொருக்கா, இன்னொருக்கா” என்றா. மச்சான் போனபின் அவ ஒன்றை இரண்டாம் தரம் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தக் குடம்தான் எனக்கு இன்னொன்றையும் காட்டியது. இந்த நாடகத்தில் ஒரு வரிக்கு ஐந்து தட்டு. கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினால் கேட்கும். தளபதி பேசும்போது சில இடத்தில் வரி பாதியில் அறுந்து கிடக்கும். அச்சுப் பிழை என்று நினைத்திருந்தேன். குடத்தில் அவனுக்காக மூன்று தட்டுப் பேசி, குடத்தை இறக்கி அவளுக்காக இரண்டு தட்டுப் பேசியபோது விரல் நிற்காமல் ஓடியது. அறுந்தது அறுபடவே இல்லை. அவன் தொடங்கிய வரியை அவள் உள்ளேயிருந்து முடிக்கிறாள். வாயால் போ என்கிறாள், போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அவன் விட்ட தட்டிலிருந்து எடுக்கிறாள். நடுவில் கதவு இருக்கிறது, வரி ஒன்றுதான். போனில் உள்ள எந்த விளக்கத்திலும் நான் இதைக் காணவில்லை. அறை முழுக்க நடந்து திரிந்தேன், நான்கு எட்டு அங்கால், நான்கு எட்டு இஞ்சால்.

பின்னேரத் தொழுகை அஸருக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தளபதி வந்தான். ஒவ்வொரு நாளும் கெஞ்சினான்.

ஒரு பின்னேரம் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அட்டாளைச்சேனையிலிருந்து மச்சானின் உம்மா, ராத்தாவின் மாமி, முன்னறிவிப்பு இல்லாமல் வந்திருந்தா. பின்னாலேயே பக்கத்து வளவுச் சாச்சி. உம்மா பதறிப்போய்க் குசினிக்கும் அறைக்கும் இடையில் நின்றா. மாமி கட்டில் நுனியில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டு, யன்னல் சீலையைப் பார்த்தா, கதவின் பின்னால் பார்த்தா, பிறகு ராத்தாவைப் பார்த்தா.

“ஒரு கதை வந்திரிக்கி, மகள். வாயால சொல்லக் கூச்சமா இரிக்கி. என்ட மகன்ட கபுறு மண் இன்னும் காயல்ல.”

“நான் ஒண்டும் கூட்டிச் சொல்லல்ல,” என்று சாச்சி முந்திக்கொண்டா. “என்ட காது கேட்டத்தத்தான் சொன்ன. ஆம்புளக் குரல். கட்டக் குரல். நான் கோழிக்குத் தீன் போட்டுக்கிட்டு நிக்கன், முகத்த ஒருக்காக் காட்டு போயிருவன் எண்டு கெஞ்சுறான். ஒருநாளா ரெண்டுநாளா? அஸர் தொழுதுட்டு வந்தாக் கேக்குது!”

உம்மாவின் கையில் இருந்த தட்டில் கோப்பைகள் கிலுங்கின. இத்தாவில் இருக்கும் பெண்ணின் அறையில் அந்நிய ஆண் குரல். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு பழி இல்லை.

ராத்தா தலை குனியவில்லை. “குடம், மாமி.”

“என்ன குடம்?”

“குடம்தான் கதைச்ச.”

மாமி உம்மாவைப் பார்த்தா. மகளுக்குத் துக்கத்தில் தலை பிசகிவிட்டதா என்ற பார்வை. நான் இடையில் பாய்ந்து பரீட்சை, நாடகம், தளபதி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. “காட்டு,” என்றா ராத்தா. குடத்தை எடுத்தேன். வாயை வைத்துச் சொன்னேன். “திறக்கச் சொல்லி நான் வரல்ல. முகத்த ஒருக்காக் காட்டினா நான் போயிருவன்.”

“அல்லாஹ்வே, இவன்தான்!” என்று சாச்சி கத்தினா. “இவனேதான்!”

உம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ராத்தாவுக்கு. சாச்சி குடத்தை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தா, ஆள் இருக்கிறானா என்று பார்ப்பதுபோல. பிறகு விசாரணை தொடங்கியது.

“இவன் காவின் எழுதிக் கட்டினவனா?”

“இல்ல சாச்சி. நிச்சயம் மட்டும். அதுவும் முறிஞ்ச.”

“அப்ப என்ன உரித்தில வந்து நிக்கான்? வாப்பா, கூடப்பொறந்த நானா ஒருத்தரும் இல்லையா அவளுக்கு? அடிச்சுத் துரத்துறதானே?”

“விடிஞ்சா அவனக் கொல்லப் போறாங்க.”

சாச்சி குடத்தை மெதுவாகக் கீழே வைத்தா. மாமி அதுவரை சிரிக்கவில்லை.

“அவள் திறந்தாளா?” என்று மாமி கேட்டா.

“இன்னும் இல்ல மாமி.”

மச்சான் போனபோது மாமி ஊரில் இல்லை. கண்டிக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தா. வந்து சேர்வதற்குள் அடக்கியாயிற்று, மகனின் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. இதெல்லாம் எனக்கு அந்த நிமிசம்தான் நினைவுக்கு வந்தது. 

எழும்பும்போது என் தலையில் கை வைத்தா. “நான் நம்புறன், மகள். ஆனா ஊருல எத்தின பேருக்குக் குடத்தக் காட்டுவாய்? இனி அந்தச் சத்தம் இந்த வீட்டால வரப்படாது.”

வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் வாடியில் தங்கியிருந்த வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்தார். பள்ளிவாசலிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள், குடத்தை விட்டுவிட்டு மிச்சத்தை. அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

“ராத்தாட பேருக்கு ஒரு கீறல் விழுந்தா உன்ட சோதினை எனக்குப் பெரிசில்ல. இன்னொருக்கா அந்த ஆம்புளச் சத்தம் வெளியால கேட்டா, பொத்தகம் அலுமாரிக்குள்ள போகும். மேசன் வருவான்.”

அன்றைக்கு உம்மா குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்தா. அதன் பிறகு அது ஒருபோதும் வெறுமையாக இருக்கவில்லை.

பிறகு வந்த நாட்கள் எல்லாம் ஒரே நாள் போலத்தான் இருந்தன. நான் உதட்டை மட்டும் அசைத்து நாடகம் படித்தேன். சத்தம் இல்லாவிட்டால் தளபதியும் இல்லை. வரிகள் மறுபடி அச்சுப் பிழையாக அறுந்து கிடந்தன. கிசுகிசுத்தால் சாச்சிக்கு அது இன்னும் மோசமாகக் கேட்கும் என்று ராத்தா பயந்தா. எழுதிப் பார்த்தேன். விரல் தட்டாத இடத்தில் மறுபடி ‘அவன் அவளை ஆழமாக நேசிக்கிறான்’ வந்து உட்கார்ந்தது. ஐந்து அங்கம் உள்ள நாடகத்தில் மூன்றாம் அங்கத்தில் நிற்கிறேன். காற்றாடி கிறீச்சிடுகிறது. பக்கத்துக் காணியில் ஒருநாள் லொறி வந்து மணல் கொட்டிவிட்டுப் போனது. “சும்மா, விலை குறைவா வந்த எண்டு எடுத்த,” என்றார் வாப்பா. சீலை ஓரத்தால் அந்த மணல் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராத்தாவுக்கு ஒருநாள் இத்தா முடியும். எனக்குச் சுவர் எழும்பினால் முடிவு எது?

ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கிவிட்டா. “நாலாம் அங்கத்தில என்ன நடக்குது?” என்று கேட்பதையும் விட்டுவிட்டா. கேட்டால் நான் சொல்ல வேண்டுமே என்று.

இன்றைக்குப் பின்னேரம் அறைக்கதவு உள்ளே கொளுவியிருந்தது. ராத்தா உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தா. உம்மா வெளியே பிளேன்டீயோடு நின்று கூப்பிட்டா.

“மகள், திற. நான் எவ்வளவு நேரமா நிக்கன்.”

“பொறுங்க உம்மா.”

“ஆறப்போகுது. முகத்தக் காட்டிட்டுப் படு.”

“வைச்சிட்டுப் போங்க.”

என் விரல் தானாகப் பாயில் தட்டிக்கொண்டிருந்தது. உம்மா விட்ட இடத்தில் ராத்தா எடுக்கிறா. இந்தக் கதவடியில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் யாராவது நின்று திற என்கிறோம்! சாச்சி வேலிக்கு அங்கால் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டுதான் இருந்தா. நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டா.

தளபதிக்கு ஆண் குரல் எதற்கு? அவன் சொல்வதில் வாளும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு கதவு, உள்ளே ஒருத்தி, வெளியே நேரம் முடிந்துகொண்டிருக்கும் ஒருவர். மாதரசியை எடுத்துவிட்டு, ராத்தாவின் வாசலில் நிற்கும் ஒரு தங்கச்சி சொல்லக்கூடிய பேச்சாக முழுக் காட்சியையும் மாற்றினால் யார் என்ன சொல்ல முடியும்? கேட்கிறவர்களுக்குத் தங்கச்சி ராத்தாவைக் கூப்பிடுகிறாள். எனக்கு மூன்றாம் அங்கம்.

ராத்தாவிடம் காதோடு சொன்னேன். சுவர்ப்பக்கம் இருந்து திரும்பினா.

“உள்ளால இரிக்கிறவள் நானா?”

“ஓம்.”

“நான் என்ன சொல்லணும்?”

“திறக்க மாட்டன் எண்டு சொல்லணும். ஆனா நான் நிப்பாட்டின இடத்தில இருந்து, தட்டு தவறாம.”

“உள்ளால இரிந்துகொண்டு வரமாட்டன் எண்டு சொல்லுறதுக்கு எனக்கு எழுதியா தரணும்?” என்றா. வெகுநாளைக்குப் பிறகு பல் தெரிந்தது. பிறகு கேட்டா, “கடைசியில அவள் திறக்காளா?”

“நாலாம் அங்கம் இன்னும் வாசிக்கல்ல ராத்தா.”

“வாசிக்காத. நான் திறப்பனா எண்டு பாப்பம்.”

முழுக் காட்சியையும் மாற்றி முடித்துவிட்டேன். குதிரைக்குப் பதில் வாசலில் ஓட்டோ நிற்கிறது, காவலனுக்குப் பதில் உம்மா அவசரப்படுத்துகிறா. விடிந்தால் கொலை என்பதற்கு என்ன போடுவது என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, விடிந்தால் மேசன் வருவான் என்று போட்டேன். 

நாளை அஸர் தொழுதபின், சாச்சியின் கோழிகள் கொக்கரிக்கும் நேரம், பிளேன்டீயை நான்தான் கொண்டுபோவேன். கதவு உள்ளே கொளுவியிருக்கும். என் சொந்தக் குரலில், ஊரே கேட்கும்படி, ராத்தாவைக் கூப்பிட்டு மூன்று தட்டில் நிறுத்திப் பார்க்கப்போகிறேன். மிச்சம் இரண்டும் உள்ளேயிருந்து வர வேண்டும்.